மறைக்கும் வண்ணம், உணர்த்தும் வண்ணம்

1939 செப்டம்பர் 6, காலை நேரம். பிரிட்டன் ஜெர்மனிமீது போர் அறிவித்து மூன்று நாள்களே ஆகியிருந்தன. இங்கிலாந்தின் கிழக்குக் கரையை நோக்கிப் பகை விமானங்கள் வருகின்றன என்று தவறான செய்தி ஒன்று பரவியது. அதனைக் கேட்டு 56-ஆம் படைப்பிரிவின் ஹரிக்கேன் விமானங்கள் விண்ணில் எழுந்தன. அவற்றைப் பின்தொடர்ந்து சற்றுத் தள்ளி வந்த இரண்டு ஹரிக்கேன்களை, 74-ஆம் படைப்பிரிவின் ஸ்பிட்ஃபயர் விமானிகள் ஜெர்மானிய விமானங்கள் எனக் கருதிச் சுட்டு வீழ்த்தினர். விமானிகளுள் ஒருவர் உயிர்பிழைத்தார். மான்டேகு ஹல்டன்-ஹாரப் என்னும் மற்றொருவர் உயிரிழந்தார். அப்போரில் மாண்ட முதல் பிரிட்டிஷ் போர் விமானி அவரே. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஸ்பிட்ஃபயர் முதன்முதலில் வீழ்த்தியதும் தன் நாட்டு விமானத்தையே. அன்று அவ்வானில் ஜெர்மானிய விமானம் ஒன்றுகூட இல்லை.

‘பார்க்கிங் கிரீக் சண்டை’ என்று கசப்புடன் பெயர் பெற்ற இந்நிகழ்ச்சிக்குத் தரைக் கட்டுப்பாட்டில் நேர்ந்த குழப்பமே முதன்மைக் காரணம். சுட்ட விமானிகள் படைத்துறை நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். ஆயினும் மற்றொன்றையும் இங்குக் கருத வேண்டும். அவ்விமானங்களின் மேற்புறத்தில் கரும்பச்சையும் மண்பழுப்பும் பூசப்பட்டிருந்தன, அவை மறைப்பதற்கானவை. அடிப்புறத்தில் ஒரு சிறகு கறுப்பாகவும் மற்றொரு சிறகு வெள்ளையாகவும் இருந்தன. அவை தரையில் நிற்கும் தம் படையினர் கண்டுகொள்வதற்கானவை. வானிலேயே எதிர்ப்படும் மற்றொரு விமானி விரைந்து கண்டுகொள்வதற்கு உதவியிருக்கக்கூடிய வெள்ளை வளையமோ, அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் பக்கவாட்டுச் சின்னத்திலிருந்து நீக்கப்பட்டிருந்தது. வெள்ளை பகைவருக்கு எளிதில் புலப்பட்டுவிடும் என்பதே அதற்குக் காரணம்.

பகைவரிடமிருந்து மறைய வேண்டும். நண்பருக்குத் தெரிய வேண்டும். ஒரே உலோகப் பரப்பில், ஒரே வண்ணக் குழம்பைக்கொண்டு, இவ்விரண்டையும் செய்தாக வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். இரு உலகப்போர்களிலும் போர் விமானங்களின் வண்ணம் அடிக்கடி மாறியதற்குக் காரணம் இம்முரண்பாடே. எந்த அச்சம் அப்போது மேலோங்கியிருந்ததோ, அதற்கேற்ற வண்ணம் விமானத்தின்மீது ஏறியது.

துணிச்சிறகும் கொடிச்சின்னமும்

1914-இல் முதல் உலகப்போர் தொடங்கியபோது விமானங்கள் மரச்சட்டத்தின்மீது துணி போர்த்தி அமைக்கப்பட்டிருந்தன. பெரும்பாலானவற்றுக்குத் துணியின் இயல்பு நிறமே நிறம். பதுங்கு குழிகளில் இருந்த வீரர்கள் தலைக்குமேல் பறந்த எதனையும் சுட்டனர். விமானம் என்பதே புதுமையாய் இருந்த காலத்தில் நண்பர் யார், பகைவர் யார் என அவர்கள் எவ்வாறு அறிவர்? பிரிட்டிஷார் தம் நாட்டுக் கொடியைச் சிறகின் அடியில் வரைந்தனர். அதனாலும் துன்பமே விளைந்தது. அக்கொடியின் நடுவே உள்ள செஞ்சிலுவை, தொலைவிலிருந்து பார்ப்போருக்கு ஜெர்மானிய விமானங்களின் கருஞ்சிலுவைபோலத் தோன்றியது. எனவே அவர்கள் பிரெஞ்சுக்காரர் பயன்படுத்திய மூவண்ண வட்டத்தைப் பின்பற்றி, அதன் வண்ண வரிசையை மாற்றி, சிவப்பு நடுவிலும் நீலம் வெளியிலும் அமையுமாறு தமக்கு ஒரு சின்னத்தை அமைத்துக்கொண்டனர். வானில் ஒரு குறியின் பொருளைவிட, தொலைவில் அதன் வடிவம் எவ்வாறு தோன்றுகிறது என்பதே முதன்மையானது என்னும் பாடம் அப்போதே கற்கப்பட்டது. ஆனால் அது மீண்டும் மீண்டும் மறக்கவும்பட்டது.

உருமறைப்பு வண்ணமும் அப்போரிலேயே தோன்றியது. பிரிட்டிஷ் விமானங்களின் மேற்புறத்தில் 1916 முதல் பூசப்பட்ட பழுப்புப் பச்சை மெருகு, முதலில் வெயிலால் துணி நைந்துபோகாமல் காப்பதற்கென்றே உருவானது. மறைப்பு அதனால் கிடைத்த உடன்பயன் எனலாம். ஜெர்மானியர் வேறு வழி கண்டனர். பல வண்ணப் பலகோணக் கட்டங்களைத் துணியிலேயே அச்சிட்டு, அத்துணியை விமானத்திற்குப் போர்த்தினர். வண்ணம் பூசும் நேரமும் வண்ணத்தின் எடையும் இதனால் மிஞ்சின.

இவற்றுக்கிடையே மான்ஃப்ரெட் வான் ரிக்டோஃபன் தம் விமானத்தைச் செக்கச்சிவக்கத் தீட்டிக்கொண்டு பறந்தார். அவருடைய படைப்பிரிவினரும் தத்தம் விமானங்களில் பளிச்சிடும் வண்ணங்களைப் பூசினர். இதனை வீரச்செருக்கு என்று மட்டும் கூறிவிட இயலாது. நெருக்கமான வான்சண்டையில் தலைவன் எங்கே இருக்கிறான், தோழன் எவன் என்று நொடியில் அறிவதற்கு அவ்வண்ணங்கள் உதவின. வானொலிக் கருவி இல்லாத போர் விமானத்தில் வண்ணமே பேச்சு.

மறைத்தலின் இயல்பு

அயிலை மீனின் முதுகு கருநீலமாகவும் வயிறு வெள்ளியாகவும் இருப்பதைப் பலரும் கண்டிருப்பர். மேலிருந்து நோக்கும் பறவைக்குக் கடலின் கருமையோடு முதுகு கலந்துவிடுகிறது. கீழிருந்து நோக்கும் பெருமீனுக்கு வானொளியோடு வயிறு கலந்துவிடுகிறது. இயற்கையின் இவ்வமைப்பை விளக்கி 1896-இல் எழுதியவர் அமெரிக்க ஓவியரான ஆபட் தேயர். போர் விமானத்தின் மேற்புறத்தை இருளாகவும் அடிப்புறத்தை வெளிறியதாகவும் தீட்டும் முறைக்கு அடிப்படை இதுவே.

மேற்புறத்தில் ஒரே வண்ணம் பூசினால் போதாது. சிறகும் உடலும் சேர்ந்த சிலுவை வடிவத்தைக் கண் எளிதில் பிரித்தறிந்துவிடும். ஆகையால் இரண்டு வண்ணங்களை வளைந்து நெளியும் பெரிய பட்டைகளாகத் தீட்டினர். பட்டையின் ஓரம் சிறகின் ஓரத்தை வெட்டிச் செல்லும்போது விமானத்தின் வடிவம் துண்டுபட்டு வயலாகவும் தோப்பாகவும் மயங்கித் தோன்றும். பளபளப்பு காட்டிக்கொடுக்கும் என்பதால் மங்கலான வண்ணமே விரும்பப்பட்டது. ஆனால் மங்கலான பரப்பு சொரசொரப்பானது. காற்றின் தடையைக் கூட்டி விரைவைக் குறைப்பது. மறைவதற்கு விமானி கொடுத்த விலை இது.

இரவுப் போர் விமானங்களின் வரலாறு இதனை நன்கு காட்டும். இருளில் மறையக் கறுப்பே ஏற்றது என்று யாரும் எண்ணுவர். பிரிட்டிஷாரும் அவ்வாறே எண்ணிப் புகைக்கரி போன்ற, ஒளியைச் சிறிதும் திருப்பாத கறுப்பைப் பூசினர். விமானத்தின் விரைவு குறைந்தது. அதைவிட வியப்பு, அது மறையவும் இல்லை. இரவு வானம் முழுக் கறுப்பன்று. விண்மீன்களும் நிலவும் முகிலும் அதற்கு ஒரு மங்கிய ஒளியைத் தருகின்றன. அவ்வொளியின் முன்னே கருங்கறுப்பு விமானம் நிழலுருவாகத் துலங்கியது. 1942-இன் இறுதிப் பகுதியில் சாம்பலும் பச்சையும் கலந்த பூச்சு கறுப்பின் இடத்தைப் பிடித்தது.

பகல் வானிலும் வண்ணத்திற்கு ஓர் எல்லை உண்டு. ஒளி மேலிருந்து வருகிறது. ஆதலால் விமானத்தின் அடிப்புறத்தை எவ்வளவு வெள்ளையாகத் தீட்டினாலும், ஒளிரும் வானத்தின் முன் அது இருண்ட புள்ளியாகவே தெரியும். இந்த எல்லையைக் கடக்க அமெரிக்கக் கடற்படை 1943-இல் ஓர் ஆய்வு நடத்தியது. அவெஞ்சர் விமானத்தின் முன்விளிம்பில் விளக்குகளைப் பொருத்தி, அவற்றின் ஒளியை வானத்தின் ஒளிக்கு இணையாக்கினர். ஏறத்தாழ 19 கிலோமீட்டர் தொலைவிலேயே கண்ணுக்குத் தெரிந்துவந்த விமானம், விளக்கெரிந்தபோது 3 கிலோமீட்டர் வரை நெருங்கிய பின்னரே தென்பட்டது. விளக்கேற்றி மறையும் இவ்விந்தை போரில் பயன்படவில்லை. கண்ணை ஏமாற்றி முடிப்பதற்குள் ரேடார் வந்துவிட்டது.

இடமும் உயரமும்

எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் போரிடுகிறோம் என்பதை ஒட்டியே உருமறைப்பு அமையும். 1940 கோடையில் தம் நாட்டின் வயல்களுக்கும் புல்வெளிகளுக்கும் மேலே பறந்த பிரிட்டிஷ் விமானங்கள் பச்சையும் பழுப்பும் பூண்டிருந்தன. கறுப்பு-வெள்ளை அடிப்புறம் அவ்வாண்டு ஜூனில் கைவிடப்பட்டு, வெளிறிய பச்சைநீல வண்ணம் அவ்விடத்தைப் பெற்றது. அதற்கு ‘வானம்’ என்றே பெயரிட்டனர். உளவுப் படமெடுப்பில் வல்லவரான சிட்னி காட்டன் என்னும் ஆஸ்திரேலியர் உருவாக்கிய வண்ணத்திலிருந்து அது பிறந்தது. ஜோத்பூர் மன்னரின் சொந்த விமானம், அதன் இளம்பச்சை நிறத்தால் மேலேறிய சிறிது நேரத்தில் வானோடு கலந்து மறைந்ததைக் கண்டே அவருக்கு அவ்வெண்ணம் தோன்றியது என்று கூறுவர்.

1941-இல் நிலைமை மாறியது. சண்டை ஆங்கிலக் கால்வாயின் மேலும் பிரான்சின் மேலும் மிகுந்த உயரத்தில் நடந்தது. கடலின்மீது மண்பழுப்புக்குப் பயனில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட்டில் பழுப்பு நீங்கிக் கடற்சாம்பல் வந்தது. ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானங்களும் இதே வழியில் சென்றன. தரையில் காடுகளுக்கிடையே நிறுத்தியிருக்கும்போது மறைவதற்கென அவை முதலில் கரும்பச்சை பூண்டிருந்தன. பிரான்ஸ் மீதான தாக்குதலுக்கு முந்தைய குளிர்காலத்திலேயே உடலின் பக்கங்கள் வெளிர்நீலமாக மாறின. தாக்குபவனுக்குத் தரையில் மறைவதைவிட வானில் மறைவதே தேவை. பாதுகாத்து நிற்பவனுக்கு வேறு தேவை. ஒரு விமானத்தின் முதுகைப் பார்த்தே அந்நாடு முன்னேறுகிறதா, பின்வாங்குகிறதா என்று ஓரளவு கூறிவிடலாம்.

நொடிப்பொழுதில் அடையாளம்

மறைவு கூடக்கூட அடையாளச் சிக்கலும் கூடியது. பிரிட்டிஷார் நீக்கிய வெள்ளை வளையம் 1939 முடிவதற்குள் பக்கவாட்டுச் சின்னத்தில் மீண்டும் இடம்பெற்றது. 1940 மே மாதம் அதனைச் சுற்றி மஞ்சள் வளையம் சேர்ந்தது. வாலிலும் மூவண்ணப் பட்டை ஏறியது. அதே கோடையில் ஜெர்மானியர் தம் விமானங்களின் மூக்கையும் வால் சுக்கானையும் மஞ்சளாக்கினர். அவர்களுக்கும் அதே அச்சம்தான். மஞ்சள் மூக்கு விமானங்களைத் தேர்ந்தெடுத்த வீரர்கள் மட்டுமே ஓட்டுவதாகப் பிரிட்டிஷ் விமானிகள் நம்பினர். தம்மவர் தம்மைச் சுட்டுவிடக் கூடாது என்னும் கவலையே பகைவருக்கு வீரமுத்திரையாகத் தோன்றியது.

ஹாக்கர் டைஃபூன் என்னும் புதிய பிரிட்டிஷ் விமானத்தின் நிலை மேலும் இரங்கத்தக்கது. அதன் தோற்றம் ஜெர்மனியின் ஃபோக்கே வுல்ஃப் 190 விமானத்தை ஒத்திருந்தது. அதனால் தன் நாட்டு ஸ்பிட்ஃபயர்களும் பீரங்கிகளும் அதனைத் தாக்கின. 1942-இன் இறுதியில் அதன் சிறகுகளின் அடியில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் வரையப்பட்டன. எவ்வளவு கவனமாக மறைக்கப்பட்ட விமானமாயினும், அதன் வயிற்றில் வரிக்குதிரைக் கோடுகள் வேண்டியிருந்தன.

கீழைப் போர்முனையில் சிவப்பு என்னும் ஒற்றை வண்ணமே உயிருக்கு உலையாயிற்று. ஜப்பானிய விமானங்களின் சின்னம் செவ்வட்டம். நேச நாட்டு விமானத்தின் சின்னத்தில் ஒரு துளி சிவப்பு தெரிந்தாலும் பீரங்கியை இயக்குபவர் கை முந்திக்கொள்ளும். அமெரிக்கர் தம் வெண்விண்மீனின் நடுவே இருந்த செம்புள்ளியை 1942 மே மாதம் அழித்தனர். இந்தியாவிலும் பர்மாவிலும் போரிட்ட பிரிட்டிஷ் விமானங்களும் இந்திய விமானப்படையின் ஹரிக்கேன்களும் சிவப்பை அகற்றிக் கருநீலமும் வெளிர்நீலமும் கொண்ட சின்னத்தை ஏற்றன. சென்னை மாகாண மக்கள் வழங்கிய போர்நிதியைப் போற்றும் வகையில் ‘மதராஸ் பிரசிடென்சி’ என்னும் பெயரைத் தாங்கிய 79-ஆம் படைப்பிரிவும் பர்மா முனையில் இருந்தது. அப்பிரிவினர் இறுதியில் ஓட்டிய தண்டர்போல்ட் வகை விமானங்களுக்குச் சிறகிலும் வாலிலும் அகன்ற பட்டைகள் தீட்டப்பட்டன. பருத்த வட்ட மூக்குடைய அவ்விமானத்தை, வட்ட மூக்கு கொண்ட ஜப்பானிய விமானங்கள் என்று எவரும் மயங்கிவிடலாகாது என்பதே நோக்கம்.

அமெரிக்கர் நடத்திய ஆய்வுகள் மற்றோர் உண்மையை உறுதிப்படுத்தின. தொலைவில் வண்ணம் கரைந்து சாம்பலாகிவிடுகிறது, வடிவமே எஞ்சுகிறது. ஆகவே 1943-இல் விண்மீன் வட்டத்தின் இருபுறமும் வெள்ளைச் செவ்வகங்கள் சேர்க்கப்பட்டன. அவற்றைச் சுற்றிச் சிவப்புக் கரையிட்ட ஆணை சில மாதங்களே நீடித்தது. சிவப்பு மீண்டும் அச்சம் தந்தது; கரை நீலமாயிற்று.

சிசிலியும் நார்மண்டியும்

1943 ஜூலை 11 இரவு, சிசிலித் தீவின்மீது 144 அமெரிக்கப் போக்குவரத்து விமானங்கள் வான்குடை வீரர்களை ஏற்றிக்கொண்டு பறந்தன. சற்று முன்னர்தான் ஜெர்மானிய விமானங்கள் அக்கடற்பகுதியைத் தாக்கிச் சென்றிருந்தன. கப்பல்களிலிருந்தும் கரையிலிருந்தும் நேச நாட்டுப் பீரங்கிகளே அவற்றை நோக்கி முழங்கின. 23 விமானங்கள் வீழ்ந்தன. இறந்தும் காயமுற்றும் போனவர்கள் 300-க்கு மேற்பட்டோர்.

இந்நினைவு அகலாத நிலையில், மறு ஆண்டு நார்மண்டிக் கடற்கரையில் படைகளை இறக்கும் திட்டம் உருவாயிற்று. நண்பரா, பகைவரா என்று வினவி விடைபெறும் வானலைக் கருவிகள் அப்போது இருந்தன. ஆனால் ஆயிரக்கணக்கான விமானங்கள் ஒருசேரப் பறக்கும் நாளில் அக்கருவிகள் திணறிப்போகும் என்று அதிகாரிகள் கருதினர். ஆகவே மிக எளிய வழி ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒவ்வொரு சிறகிலும் உடலின் பின்பகுதியிலும் மூன்று வெள்ளைப் பட்டைகள், அவற்றுக்கிடையே இரண்டு கறுப்புப் பட்டைகள். ஒற்றை எந்திர விமானத்தில் ஒவ்வொரு பட்டையும் 18 அங்குல அகலம். நான்கு எந்திரக் குண்டுவீச்சு விமானங்களுக்கு மட்டும் பட்டைகள் தேவைப்படவில்லை. அத்தகைய விமானங்கள் ஜெர்மானியரிடம் மிகச் சிலவே இருந்தன.

பகைவர் அறிந்து தம் விமானங்களிலும் அவ்வாறே வரைந்துகொண்டால் எல்லாம் வீணாகும். ஆதலால் ஆணை கடைசி நேரம்வரை மறைக்கப்பட்டது. 1944 ஜூன் தொடக்கத்தில், தாக்குதலுக்கு ஓரிரு நாள்களே இருந்தபோது, தரைப் பணியாளர்கள் தூரிகையும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு விமானங்களைச் சூழ்ந்தனர். அளந்து கோடிழுக்கப் பொழுதில்லை. அந்நாளைய ஒளிப்படங்களில் கோணலான ஓரங்களும் தூரிகைத் தடங்களும் இன்றும் தெரிகின்றன. பல ஆண்டு ஆய்வில் உருவான உருமறைப்பு வண்ணத்தின்மீது சுண்ணாம்புச் சுவருக்கு அடிப்பதுபோல் வெள்ளை அடித்தனர். பகைவர் காண்பதைப் பற்றி அன்று எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஜூன் 6 அன்று வானம் நேச நாடுகளின் கையில் இருந்தது. அஞ்ச வேண்டியிருந்தது தம் பீரங்கிகளுக்கே.

அவ்வச்சமும் நெடுநாள் நீடிக்கவில்லை. போர் விமானங்கள் பிரான்சிலேயே அமைந்த முன்னணித் தளங்களுக்கு இடம்பெயர்ந்தன. தளத்தில் நிற்கும் விமானத்தின் முதுகில் வெண்பட்டைகள் இருந்தால், மேலே வரும் பகைவனுக்கு அவை குறிவைக்கும் இலக்கு. ஒரு மாதத்திற்குள் மேற்புறப் பட்டைகளை அழிக்க ஆணை வந்தது. அடிப்புறப் பட்டைகள் அவ்வாண்டின் இறுதிவரை எஞ்சின.

வண்ணம் களைந்த விமானங்கள்

1944-இன் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவந்த போர் விமானங்கள் பலவற்றில் உருமறைப்பு வண்ணமே இல்லை. அலுமினியத் தகடு வெயிலில் மின்னியது. வண்ணம் இன்மையால் எடை குறைந்தது, பரப்பு வழவழப்பானது, உற்பத்தி நேரம் மிஞ்சியது. மறைய வேண்டிய தேவை குறைந்துவிட்டது என்பதே இவற்றுக்கெல்லாம் அடிப்படை. அடையாள வண்ணங்கள் மட்டும் அவ்வெள்ளிப் பரப்பில் தாராளமாக இடம்பெற்றன. ஒரு படைப்பிரிவுக்குச் செம்மூக்கு. மற்றொன்றுக்குச் சதுரங்கக் கட்டம். இத்தாலியிலிருந்து பறந்த 332-ஆம் போர் விமானக் குழுவுக்குச் சிவப்பு வால். அக்குழுவின் விமானிகள் கறுப்பின அமெரிக்கர். நிறத்தின் பெயரால் தனிப் படைப்பிரிவில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த அவர்களை, குண்டுவீச்சு விமானங்களில் இருந்தோர் சிவப்பு வாலைக் கண்டே அறிந்தனர். ‘செவ்வால்கள்’ என்றே அழைத்தனர்.

அதே காலத்தில் ஜெர்மானிய விமானங்கள் எதிர்த்திசையில் சென்றன. சாம்பலும் நீலமும் குறைந்து, பச்சையும் பழுப்பும் அவற்றின் முதுகில் மீண்டும் ஏறின. நேச நாட்டு விமானங்கள் தளங்களின்மீதே வட்டமிட்டதால், வானில் மறைவதைவிடத் தரையில் மறைவதே உயிர்காக்கும் வழியாயிற்று. உலகின் முதல் தாரை எந்திரப் போர் விமானங்களுள் ஒன்றான மெஸ்ஸர்ஷ்மிட் 262 கூட, நெடுஞ்சாலையோரக் காடுகளில் மரங்களுக்கடியில் ஒளிந்து நிற்க நேர்ந்தது.

அவ்விமானம் விண்ணில் விரைவானது. ஏறும்போதும் இறங்கும்போதும் மந்தமானது. அந்நேரங்களில் அதனைக் காப்பதற்கென 1945 இளவேனிலில் மியூனிக் நகரையொட்டிய தளத்தில் சில ஃபோக்கே வுல்ஃப் 190 விமானங்கள் நிறுத்தப்பட்டன. தளத்தின் அருகே தாழப் பறக்கும் எதனையும் சுட்டுவிடும் பதற்றத்தில் இருந்தனர் ஜெர்மானியப் பீரங்கிப் படையினர். ஆகவே அவ்விமானங்களின் அடிப்புறம் முழுவதும் செந்நிறம் பூசப்பட்டு, அதன்மீது வெண்கோடுகள் இழுக்கப்பட்டன. ‘கிளிப் படை’ என்று பின்னாளில் பெயர் பெற்ற அவ்விமானங்களின் முதுகில், மேலிருந்து வரும் பகைவருக்காக, உருமறைப்பு வண்ணம் அப்படியே இருந்தது.